ரெண்டு ஜே-க்களுக்கு நடுவுல உச்சிமுரா கான்ஸோ

1891 ஜனவரி 9. டோக்கியோவில் 'முதல் உயர் நடுநிலைப் பள்ளி'ன்னு ஒரு அரசுப் பள்ளிக்கூடம். பேரைப் பார்த்து ஆறாவது, ஏழாவது படிக்கிற பசங்களோட இடம்னு நினைச்சுடாதீங்க. அந்தக் காலத்து ஜப்பானில் இம்பீரியல் பல்கலைக்கழகத்துக்குள்ள போகணும்னா இதுதான் முக்கியமான வாசல். பின்னாடி மந்திரியாகவும் நீதிபதியாகவும் ஆகப்போற பசங்க எல்லாம் அங்கேதான் உட்கார்ந்திருந்தாங்க.

அன்னைக்கு அங்கே ஒரு விழா. மேடை மேல ஒரு தாள். மெய்ஜி சக்கரவர்த்தி 1890 அக்டோபர் 30-ல் வெளியிட்ட கல்விப் பிரகடனம் அது. அப்பா அம்மாவை மதி, சட்டத்தை மதி, நாட்டுக்கு ஆபத்துன்னா உன்னையே கொடுன்னு குடிமக்களுக்குச் சொல்ற சின்ன அறிக்கை. அடியில் சக்கரவர்த்தியோட கையெழுத்து. ஒவ்வொருத்தரா மேடையேறி, அந்தக் கையெழுத்துக்கு முன்னாடி நல்லா வளைஞ்சு குனிஞ்சு வணங்கிட்டு இறங்கணும். முன்னோர்களோட நினைவுச் சின்னங்களுக்கு முன்னாடி புத்த, ஷிண்டோ சடங்குகள்ல எப்படி வணங்குவாங்களோ அதே மாதிரி. 60 ஆசிரியர்கள், ஆயிரத்துக்கும் மேல மாணவர்கள் பார்த்துக்கிட்டிருக்காங்க.

மூணாவதா மேடை ஏறினவர் உச்சிமுரா கான்ஸோ. வயசு 29. கிறிஸ்தவர். அந்தப் பள்ளியில் இருந்த வேற ரெண்டு கிறிஸ்தவ ஆசிரியர்கள் சாமர்த்தியமா அன்னைக்கு விழாவுக்கே வரலை. இவர் வந்துட்டார். யோசிக்கக்கூட நேரமில்லைன்னு பின்னாடி ஒரு அமெரிக்க நண்பருக்கு எழுதின கடிதத்தில் சொல்றார். மேடையில் ஒரு நொடி தயங்கினார். தலையை லேசா மட்டும் சாய்ச்சுட்டு இறங்கிட்டார்.

அவ்வளவுதாங்க நடந்தது. அவர் தாளைக் கிழிக்கலை, கோஷம் போடலை, வெளிநடப்பு செய்யலை. எத்தனை டிகிரி குனிஞ்சார்னு கோணமானி வெச்சு யாரும் அளக்கவும் இல்லை. ஆனா அன்னைக்கே மாணவர்களும் சக ஆசிரியர்களும் கொதிச்சுட்டாங்க. ராஜத்துரோகின்னு பேப்பர்கள் எழுத ஆரம்பிச்சுது. தலைமையாசிரியர் ஒரு சமரசத்தோட வந்தார்: இது வழிபாடு கிடையாது, வெறும் மரியாதைதான், அதனால இன்னொரு தடவை குனிஞ்சுடுங்க. உச்சிமுரா ஒத்துக்கிட்டார்! சக்கரவர்த்தி மேல அவருக்கு மரியாதை இல்லாம இல்லையே. ஆனா அதுக்குள்ள நிமோனியா வந்து படுத்த படுக்கையாகிட்டார். அவருக்குப் பதிலா ஒரு நண்பர் போய் குனிஞ்சார். இதனால ரெண்டு பக்கமும் அடி. குனியாததுக்கு நாட்டுக்காரங்க திட்டினாங்க. குனிய ஒத்துக்கிட்டதுக்கு சில கிறிஸ்தவர்கள் திட்டினாங்க. பிப்ரவரியில் வேலை போச்சு. அவர் படுக்கையில் கிடந்தப்போ கூடவே இருந்து பார்த்துக்கிட்ட மனைவி கசுகோ, ஏப்ரல் மாசம் இறந்துபோனாங்க. மூணு நாலு மாசத்துக்குள்ள ஒரு மனுஷனோட வேலை, பேரு, குடும்பம் எல்லாம் காலி.

படிக்கும்போது எனக்கு உடனே ஞாபகம் வந்தது நம்ம நாட்டுக் கதைதான். 1985-ல் கேரளாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் 3 பிள்ளைகள், தேசிய கீதம் பாடும்போது எழுந்து மரியாதையா நின்னாங்க, ஆனா பாடலை. யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த குடும்பம். பள்ளியை விட்டு நீக்கிட்டாங்க. 1986-ல் சுப்ரீம் கோர்ட் அந்தப் பிள்ளைகள் பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு. உச்சிமுராவுக்கு அப்படி ஒரு கோர்ட் கிடைக்கலை.

ஆனா இந்தக் கதையில் சிக்கலான விஷயம் வேற. அந்தப் பள்ளிக்கூடம் முழுக்கத் தேடினாலும் உச்சிமுரா அளவுக்கு நாட்டுப் பைத்தியம் பிடிச்ச இன்னொரு ஆள் கிடைச்சிருப்பாரான்னு சந்தேகம். நாட்டை நேசிக்காத ஆளை 'தேசத்துரோகி'ன்னு சொன்னா அவனுக்கு என்ன வலிக்கப்போகுது? இவருக்கு வலிச்சுது.

கொஞ்சம் பின்னாடி போவோம்.

1861-ல் சாமுராய் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா கன்ஃபூஷியஸ் தத்துவத்தில் பெரிய படிப்பாளி. பையனுக்கோ சாமி பயம் ஜாஸ்தி. போற வழியில் எத்தனை கோயில் இருக்கோ அத்தனைக்கும் நின்னு கும்பிடு போடணும். ஒரு சாமிக்கு ஒரு விரதம், இன்னொரு சாமிக்கு வேற விரதம். எல்லாரையும் திருப்திப்படுத்துறதுக்குள்ள பையனுக்கு மூச்சு முட்டிடும். நம்ம ஊர்ல பரீட்சை சமயத்துல பிள்ளையார்ல ஆரம்பிச்சு தெருக்கோடி முனீஸ்வரன் வரைக்கும் லிஸ்ட் போட்டுக் கும்பிட்டவங்களுக்கு இது நல்லாவே புரியும் :-)

1877-ல் ஹொக்கைடோ தீவுல இருக்கிற சப்போரோ விவசாயக் கல்லூரியில் சேர்றார். அங்கே அதுக்கு முந்தின வருஷம் வில்லியம் கிளார்க்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர் சில மாசம் இருந்துட்டுப் போயிருந்தார். அந்தச் சில மாசத்திலேயே முதல் பேட்ச் மாணவர்களை 'இயேசுவை விசுவாசிப்பவர்களின் உடன்படிக்கை'ன்னு ஒரு தாள்ல கையெழுத்துப் போட வெச்சிருந்தார். உச்சிமுரா ரெண்டாவது பேட்ச். சீனியர்கள் ஜூனியர்களைப் பிடிச்சு உலுக்க ஆரம்பிச்சாங்க. ராகிங்னு சொல்ல முடியாது, ஆனா கிட்டத்தட்ட அதேதான். இவர் என்ன செஞ்சார் தெரியுமா? பக்கத்துக் கோயிலுக்குப் போய், இந்த அந்நிய மதத்தை நாட்டைவிட்டு விரட்டிடுங்கன்னு வேண்டிக்கிட்டார். வெளிநாட்டு சாமியைக் கும்பிடுறது நாட்டுக்குச் செய்யுற துரோகம்னு 16 வயசுல அவருக்கு நிச்சயமா தெரிஞ்சிருந்தது. ஒவ்வொரு நண்பரா கையெழுத்துப் போட்டுட்டாங்க. கடைசியில் தனியா நிக்க முடியாம இவரும் போட்டார்.

ஆக முதல் கையெழுத்து கட்டாயத்துல வந்தது. இதை அவரே மறைக்காம எழுதியிருக்கார். ஆனா போட்டதுக்கு அப்புறம் ஒரு பெரிய நிம்மதி வந்ததாம். கடவுள் ஒருத்தர்தான்னா, இனி கோயில் கோயிலா நிக்க வேண்டாம், லிஸ்ட் வேண்டாம்! 1878 ஜூன்ல ஞானஸ்நானம். யோனத்தான்னு பேர் எடுத்துக்கிட்டார். கூட ஞானஸ்நானம் எடுத்த ஒரு வகுப்புத் தோழன் பேரு நிட்டோபே இனாசோ. இந்தப் பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க.

பசங்களே ஒரு சபை நடத்தினாங்க. வாரம் ஒருத்தர் பாதிரியார், ஒரு மாவுப் பீப்பாய்தான் பிரசங்க மேடை. அப்புறம் ஊருக்குள்ள ஒரு கட்டடம் எடுக்க மெதடிஸ்ட் மிஷன்கிட்ட பணம் வாங்கினாங்க. எந்த மிஷனோடவும் சேராம சொந்தக் கால்ல நிக்கப்போறோம்னு சொன்னதும் பணத்தைத் திருப்பிக் கேட்டாங்க. சம்பளத்துல மிச்சம் பிடிச்சு 1882 கடைசிக்குள்ள கட்டி முடிச்சுட்டாங்க. உச்சிமுராவோட அந்தப் பிடிவாதத்துக்கு விதை இங்கேதான் விழுந்தது. கிறிஸ்து வேணும், அமெரிக்கன் கட்டுப்பாடு வேண்டாம்.

(படிச்சதென்னமோ மீன்வளம். முதல் வேலையும் அரசாங்க மீன்துறையில்தான். மெக்கானிக்கல் படிச்சுட்டு ஜாவா எழுதுற எனக்கு இதுல கேள்வி கேக்க உரிமை இல்லை.)

1884-ல் கல்யாணம். சில மாசத்துல அது உடைஞ்சுபோச்சு. குற்ற உணர்ச்சியும் அவமானமும் தாங்காம அதே வருஷம் நவம்பர்ல அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிட்டார். அமெரிக்கான்னா அவர் மனசுல புண்ணிய பூமி. மிஷனரிகளோட நாடாச்சே! இறங்கின கொஞ்ச நேரத்துல கூட வந்தவரோட பர்ஸை யாரோ அடிச்சுட்டாங்க. கடவுள் பேரை அங்கே ஜனங்க அதிகம் சொன்னது கெட்ட வார்த்தையோட சேர்த்துத்தான். சீனர்களை அவங்க நடத்துற விதத்தைப் பார்த்து அரண்டுபோனார்.

பென்சில்வேனியாவில் மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கான ஒரு விடுதியில் உதவியாளர் வேலை. சாமுராய் பையன், அரசாங்க அதிகாரியா இருந்தவன், குழந்தைகளைக் குளிப்பாட்டி, படுக்கையைச் சுத்தம் பண்ணினான். இதெல்லாம் ஒரு தவம் மாதிரி செய்தார். சுயநலத்தைக் கொன்னு, சேவையால தன்னைச் சுத்தப்படுத்திக்கணும்னு. என்ன செஞ்சும் உள்ளே இருந்த அழுக்கு போகலைன்னு அவருக்குத் தோணிச்சு. நல்லது செய்யும்போதே 'நான் நல்லது செய்யுறேன்'னு ஒரு குரல் உள்ளே கேக்குமே, அந்தக் குரலைத்தான் அவரால கொல்ல முடியலை.

1885 செப்டம்பர்ல மசாசூசெட்ஸ்ல ஆம்ஹர்ஸ்ட் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். பழைய கோட்டு, பையில் 7 வெள்ளி டாலர், பெட்டிக்குள்ள கிப்பன் எழுதின ரோமாபுரி வரலாறு 5 வால்யூம். சோத்துக்கு வழியில்லாதப்பவும் புத்தகத்தை விக்காத ஆள். கல்லூரித் தலைவர் ஜூலியஸ் சீலி அவரைச் சேர்த்துக்கிட்டார், இலவசமா ஒரு அறையும் கொடுத்தார்.

அந்த சீலி ஒருநாள் அவரைக் கூப்பிட்டுச் சொன்னது சின்ன விஷயம்தான். தொட்டியில் செடி நட்ட ஒரு குழந்தை, வேர் விட்டிருக்கான்னு பார்க்க தினமும் செடியைப் பிடுங்கிப் பார்க்குமாம். நீ அதைத்தான் செஞ்சுக்கிட்டிருக்கே, உனக்குள்ளேயே தோண்டித் தோண்டிப் பார்க்காதே, சிலுவையைப் பார், செடி தானா வளரும். 1886 மார்ச் 8-ஆம் தேதி டைரியில் உச்சிமுரா, கிறிஸ்துவோட பாவப்பரிகாரம் இதுவரைக்கும் இல்லாத தெளிவோட தனக்குப் புரிஞ்ச நாள்னு எழுதி வெச்சிருக்கார். தன்னைத் தானே சுத்தப்படுத்திக்கிற வேலையை அன்னைக்கு விட்டுட்டார். ஞானஸ்நானம் எடுத்து 8 வருஷம் கழிச்சு, தன்னோட உண்மையான மனமாற்றம்னு அவர் சொல்றது இதைத்தான்.

இந்த ஆம்ஹர்ஸ்ட் நாட்கள்லதான் இன்னொண்ணும் நடந்தது. சப்போரோவுல கிறிஸ்தவரானதுக்கு அப்புறம் சொந்த நாடு அவருக்கு எதுக்கும் ஆகாத இருட்டு தேசமா தெரிஞ்சுது, அமெரிக்கா வெளிச்சமா தெரிஞ்சுது. இப்போ தூரத்திலிருந்து பார்க்கிறப்போ ஜப்பான் அழகாத் தெரிய ஆரம்பிச்சுது. உலகத்துக்குக் கொடுக்க ஜப்பான்கிட்டயும் ஏதோ ஒண்ணு இருக்குன்னு தோணிச்சு. தன் பைபிள்ல தன்னோட கல்லறைக்குன்னு 4 வரி எழுதி வெச்சார். அவர் ஜப்பானுக்காக, ஜப்பான் உலகத்துக்காக, உலகம் கிறிஸ்துவுக்காக, எல்லாம் கடவுளுக்காகங்கிறது அதோட சாரம். டோக்கியோ பக்கம் தாமா கல்லறைத் தோட்டத்துல அவர் சமாதி மேல இன்னைக்கும் அது இங்கிலீஷ்ல இருக்கு.

இதைப் படிச்சதும், ஆஹா, ஆன்மீகப் புதுப்பித்தல் வந்துச்சு, தேசபக்தியும் சுத்தமாயிடுச்சு, சுபம்னு நினைக்கத் தோணும். நானும் அவரோட 'நான் எப்படிக் கிறிஸ்தவன் ஆனேன்' புத்தகத்தை (1895, இங்கிலீஷ்லயே எழுதினது) முடிச்சப்போ அந்த எண்ணத்தோடதான் மூடி வெச்சேன். ஆனா அந்தப் புத்தகம் 1888-ல் அவர் ஊர் திரும்புறதோட நின்னுடுது. அதுக்கப்புறம் நடந்ததுதான் கதை.

திரும்பி வந்தவர் பாதிரியார் ஆகலை. அமெரிக்காவுல இறையியல் கல்லூரியில் சேர்ந்து பாதியிலேயே விட்டுட்டார். மிஷன் சம்பளம் வாங்கமாட்டேன்னு முடிவு. நீகாடாவுல ஒரு பள்ளியில் சேர்ந்து, மிஷனரிகளோட சண்டை போட்டு, சில மாசத்துல வெளியே வந்தார். அதுக்கப்புறம்தான் டோக்கியோ வேலையும் அந்த 1891 விழாவும்.

1893-ல் இனோவே டெட்சுஜிரோங்கிற தத்துவப் பேராசிரியர், கிறிஸ்தவனா இருந்துக்கிட்டு ஜப்பான் அரசுக்கு விசுவாசமா இருக்கவே முடியாதுன்னு வரிஞ்சு கட்டிக்கிட்டு எழுதினார். உச்சிமுரா திருப்பிக் கொடுத்தார்: பிரகடனத்துக்கு மரியாதைங்கிறது அதுல சொன்னபடி நடக்கிறதா, இல்லை அந்தத் தாளுக்குக் குனியறதா? குனிஞ்சவங்க எத்தனை பேர் அதுல சொன்னபடி வாழ்றாங்க? நல்ல கேள்விதானே!

அதே வருஷம் வந்த அவரோட முதல் புத்தகம் 'ஒரு கிறிஸ்தவனின் ஆறுதல்'. அத்தியாயத் தலைப்புகளைப் பாருங்க. அன்புக்குரியவரை இழந்தபோது, நாட்டு மக்கள் கைவிட்டபோது, கிறிஸ்தவ சபை கைவிட்டபோது, தொழிலில் தோற்றபோது, வறுமை வந்தபோது, தீராத நோய் வந்தபோது. ஆறு அத்தியாயம். கிட்டத்தட்ட ரெஸ்யூமே. சபை இல்லாத விசுவாசம்ங்கிற அர்த்தத்துல 'முக்யோகாய்'ங்கிற வார்த்தையை முதல்ல எழுதினதும் இதுலதான்.

இப்படி நாடே கைவிட்ட மனுஷன், அடுத்த வருஷம் சீனாவோட போர் வந்தப்போ என்ன எழுதியிருப்பார்னு நினைக்கிறீங்க?

ஆதரிச்சு எழுதினார். 1894 ஆகஸ்ட்ல. அதுவும் உலகம் படிக்கணும்னு இங்கிலீஷ்ல. இது நியாயமான போர், சீனாவோட பிடியிலிருந்து கொரியாவை விடுவிக்க ஜப்பான் எடுத்த போர்னு, பைபிளையும் வரலாற்றையும் துணைக்குக் கூப்பிட்டு வாதாடினார். ஆம்ஹர்ஸ்ட்ல 8 வருஷத்துக்கு முன்னாடி புதுசாப் பிறந்தவர் இவர். 3 வருஷத்துக்கு முன்னாடி இதே அரசோட தாளுக்குக் குனியாதவர் இவர். வெளியிலிருந்து வந்த கட்டாயத்தை அடையாளம் கண்டுபிடிச்சு நின்னவருக்கு, தனக்குள்ளேயே இருந்த ஆசை கடவுள் பேரை மாட்டிக்கிட்டு வந்தப்போ அடையாளம் தெரியலை. எனக்கு என்ன தோணுதுன்னா, ஒதுக்கி வெக்கப்பட்டவனுக்கு 'நானும் உங்க ஆளுதான்'னு சொல்ற ஆசை ரொம்ப பலமா இருக்கும். இது என் யூகம்தான், அவர் அப்படிச் சொல்லலை.

1895 ஏப்ரல்ல ஷிமோனோசெகி ஒப்பந்தம். ஜப்பானுக்கு 20 கோடி டேல் வெள்ளி நஷ்ட ஈடு, தைவான் தீவு, மேல இன்னும் கொஞ்சம் நிலம். கொரியாவோட விடுதலைக்குன்னு ஆரம்பிச்ச போர் கடைசியில் பங்கு பிரிக்கிற பேச்சா முடிஞ்சுது. அடுத்த மாசமே அந்த அமெரிக்க நண்பருக்கு உச்சிமுரா கடிதம் எழுதினார். நியாயமான போர்னு ஆரம்பிச்சது கொள்ளைக்காரப் போராயிடுச்சு, அதை நியாயப்படுத்தி எழுதின ஆள் இப்போ வெக்கப்பட்டு நிக்கிறான்னு. அவரோட ரெண்டாவது மனமாற்றம்னு நான் சொல்வேன் இதை. முதலாவதைவிட இதுதான் அதிக விலை கேட்டது.

1897-லிருந்து யோரோசு சோஹோங்கிற பேப்பர்ல எழுதினார். பெரிய விற்பனை உள்ள பேப்பர். ஆஷியோ செப்புச் சுரங்கத்துக் கழிவு வதாராசே ஆத்துல கலந்து வயல்களை அழிச்சப்போ, 1901-ல் நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்து அரசையும் சுரங்க முதலாளியையும் வெளுத்து வாங்கினார். நாட்டோட மானம் எல்லைக்கு வெளியே இல்லை, இந்த வயல்லதான் இருக்குங்கிற மாதிரி அவர் பார்வை மாறியிருந்தது.

அடுத்து ரஷ்யா. 1903-ல் நாடே போர், போர்னு கத்துது. ஜூன் 30-ஆம் தேதி பேப்பர்ல உச்சிமுரா எழுதினார்: ரஷ்யாவோட மட்டும் இல்லை, எந்தப் போரும் வேண்டாம், போரையே ஒழிக்கணும். கணக்கும் போட்டுக் காட்டினார். சீனாவோட போர்ல 20 கோடி பணமும் 10,000 உயிரும் செலவாச்சு. கிடைச்சது என்ன? கொரியாவோட சுதந்திரம் இன்னும் பலவீனமாச்சு, சீனாவை ஆளாளுக்குப் பங்கு போட ஆரம்பிச்சாங்க, நம்ம ஜனங்க தலையில வரி ஏறுச்சு, ஒழுக்கம் இறங்குச்சு. தானே நியாயப்படுத்தின போரோட ஆடிட் ரிப்போர்ட்டைத் தானே எழுதி வெச்ச மாதிரி இருந்தது அது. அக்டோபர்ல பேப்பர் முதலாளி போர் பக்கம் சாஞ்சதும் ராஜினாமா. கூட வெளியேறின ரெண்டு பேர், கோட்டோகு ஷுசுய், சகாய் டோஷிஹிகோ, சோஷலிஸ்டுகள். ஒருத்தர் பைபிளை வெச்சு, மத்தவங்க சோஷலிசத்தை வெச்சு, ஒரே நாள்ல ஒரே கதவு வழியா வெளியே வந்தாங்க.

சரி, இப்போவாவது மனுஷன் தெளிஞ்சுட்டாரா? 1904 பிப்ரவரியில் போர் ஆரம்பிச்சு, ஜப்பான் கடற்படை முதல் வெற்றி அடைஞ்ச செய்தி வந்தது. போரே கூடாதுன்னு வேலையை விட்டவர், வீட்டுக்குள்ளயிருந்து அக்கம்பக்கம் கேக்கிற மாதிரி மூணு தடவை 'பன்சாய்' கத்தினார். 'வாழ்க'ன்னு அர்த்தம். இதை யாரும் ஒட்டுக்கேட்டு எழுதலை. அவரே ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதி, நான் எவ்வளவு முரண்பாடான ஆள் பாருன்னு சொல்லியிருக்கார். இந்தக் கடிதத்தைப் பத்திப் படிச்சதுக்கு அப்புறம்தான் எனக்கு இவரை ரொம்பப் பிடிச்சுப்போச்சு. இந்தியா-பாகிஸ்தான் மேட்ச் மட்டும் இல்லை, எல்லையில் குண்டு விழுந்த செய்தி வரும்போதும் நமக்குள்ள ஏதோ ஒண்ணு எகிறுமே, அது தெரிஞ்சவங்களுக்கு இந்த மூணு பன்சாய் புரியும்.

ஒரு இடத்துல எனக்கு அவரோட உடன்பாடு இல்லை. ஹனமாகிங்கிற ஊர்ல சைட்டோ சோஜிரோன்னு ஒரு வாத்தியார், உச்சிமுரா எழுத்தைப் படிச்சுட்டு ராணுவத்துல சேரமாட்டேன், போர் வரியும் கட்டமாட்டேன்னு கிளம்பினார். உச்சிமுரா ரயிலேறிப் போய் அவரைத் தடுத்தார். போரை எதிர்க்கிறவன் கூப்பிட்டா போகணும், மத்தவங்க பாவத்துக்காகச் சாகணும், அந்தச் சாவுதான் போரை முடிவுக்குக் கொண்டுவரும்ங்கிற மாதிரி 1904-ல் எழுதவும் செய்தார். சிலுவையோட தர்க்கம் இதுல இருக்கு, புரியுது. ஆனா போர்க்களத்துக்குப் போறவன் சாகிறதுக்கு மட்டுமா போறான், கொல்லவும்தானே சொல்வாங்க? அந்தக் கேள்வியை அவர் தாண்டிப் போயிட்டார்னுதான் எனக்குத் தோணுது. 1891-ல் தனக்கு எடுத்துக்கிட்ட உரிமையை அந்த வாத்தியாருக்குக் கொடுத்திருக்கலாம்.

1900-லிருந்து சாகிற வரைக்கும் 'பைபிள் ஆராய்ச்சி'ங்கிற பேர்ல மாசப் பத்திரிகை நடத்தினார். மொத்தம் 357 இதழ். ஞாயித்துக்கிழமை வகுப்பு. சபை கிடையாது, பாதிரியார் கிடையாது, உறுப்பினர் அட்டை கிடையாது. 1906-லிருந்து 1913 வரைக்கும், அவரை வெளியே அனுப்பின அதே பள்ளிக்கு (பேர் மட்டும் 'முதல் உயர் பள்ளி'ன்னு மாறியிருந்தது) தலைமையாசிரியரா இருந்தது யார் தெரியுமா? அந்த சப்போரோ தோழன் நிட்டோபே இனாசோ. அவர் தன்னோட மாணவர்கள்ல ஆர்வம் உள்ளவங்களை உச்சிமுரா வகுப்புக்கு அனுப்பி வெச்சார்!

1912 ஜனவரியில் உச்சிமுராவோட மகள் ரூத் இறந்துபோனாள். பதினேழு பதினெட்டு வயசு. அடக்க நிகழ்ச்சியில் இது சாவு இல்லை, என் மகளுக்குக் கல்யாணம்னு பேசினார். கல்லறையில் கையில் ஒரு பிடி மண்ணை எடுத்துக்கிட்டு, உரக்க 'ரூத் சான், பன்சாய்!'னு கத்தினார். 8 வருஷத்துக்கு முன்னாடி போர்க்கப்பலுக்குக் கத்தின அதே வார்த்தை. அங்கே நின்னுக்கிட்டிருந்த ஒரு மாணவனுக்கு உடம்பெல்லாம் உதறிப்போச்சு. கிறிஸ்தவ விசுவாசம்ங்கிறது விளையாட்டு இல்லைன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுதாம். அந்த மாணவன் பேர் யானாய்ஹாரா தடாவோ.

கடைசி வருஷங்களை வேகமா சொல்லிடறேன். முதல் உலகப்போர்ல அமெரிக்காவும் குதிச்சதைப் பார்த்து, மனுஷ முயற்சியால சமாதானம் வராதுன்னு முடிவு பண்ணி, 1918-லிருந்து கிறிஸ்துவோட இரண்டாம் வருகையைப் பத்தி ஊர் ஊராப் பேசினார். 1924-ல் அமெரிக்கா ஜப்பானியர் குடியேற்றத்தைச் சட்டம் போட்டுத் தடுத்தப்போ, பழைய சாமுராய் ரத்தம் மறுபடியும் கொதிச்சுது. 1926-ல் 'ரெண்டு ஜே'-ன்னு ஒரு சின்னக் கட்டுரை, இங்கிலீஷ்ல. ஜீசஸ் ஒரு ஜே, ஜப்பான் ஒரு ஜே. எதை அதிகமா நேசிக்கிறேன்னு எனக்கே தெரியலை, முதலாவதுக்காக என் நாட்டுக்காரங்க வெறுக்கிறாங்க, ரெண்டாவதுக்காக மிஷனரிகள் வெறுக்கிறாங்கன்னு அதுல சொல்றார். 1930 மார்ச் 28-ல் இறந்தார்.

யானாய்ஹாரா வளர்ந்து டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்துல பொருளாதாரப் பேராசிரியர் ஆனார். 1937-ல் ஜப்பான் சீனாவுக்குள்ள புகுந்தப்போ, நாட்டோட லட்சியம்னா நீதிதான்னு பத்திரிகையில் எழுதினார். அக்டோபர்ல ஒரு நினைவுக் கூட்டத்துல இன்னும் ஒரு படி மேல போய், இந்த நாட்டோட லட்சியம் பிழைக்கணும்னா முதல்ல இந்த நாட்டைப் புதைச்சுடுங்கன்னு பேசினார். ரூத்தோட கல்லறையில் நின்ன ஆள் பேசுறார்ங்கிறதை மனசுல வெச்சுக்கிட்டு இதைக் கேக்கணும். அந்த வருஷம் டிசம்பர்ல அவரையும் ராஜினாமா செய்ய வெச்சாங்க. வீட்டுல பைபிள் வகுப்பு எடுத்து, சொந்தமா ஒரு சின்னப் பத்திரிகை நடத்தி, போர்க் காலத்தைத் தள்ளினார்.

1945-ல் எல்லாம் முடிஞ்சுது. அந்த வருஷ கடைசியில் டோக்கியோ பல்கலைக்கழகத்துக்குத் தலைவரா வந்த நன்பாரா ஷிகேருவும் உச்சிமுராவோட மாணவர்தான். யானாய்ஹாராவைத் திரும்பக் கூப்பிட்டுக்கிட்டாங்க. 1948 ஜூன்ல ஜப்பான் பாராளுமன்றத்தோட ரெண்டு சபையும் அந்தக் கல்விப் பிரகடனம் இனிமேல் செல்லாதுன்னு தீர்மானம் போட்டாங்க. 1949-ல் முதல் உயர் பள்ளியை டோக்கியோ பல்கலைக்கழகத்தோட இணைச்சு ஒரு கல்லூரியா மாத்தினாங்க. அதுக்கு முதல் டீன் யானாய்ஹாரா. 1951-லிருந்து 1957 வரைக்கும் மொத்தப் பல்கலைக்கழகத்துக்கும் அவர்தான் தலைவர்.